அசோர்ஸைத் தாண்டிய பிறகு

அக்கா உட்கார்ந்தே தூங்குகிறாள் என்பதைக் கப்பல் கிளம்பிய மறுநாள் காலையில்தான் கசில்டா பார்த்தாள்.

ஜன்னல் இல்லாத அறை. விளக்கை அணைத்துவிட்டால் கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்றுகூடத் தெரியாது. எழுந்து விளக்கைப் போட்டபோது ஒப்தூலியாவின் கட்டில் கலையாமல் கிடந்தது. அறையிலிருந்த ஒரே நாற்காலியில், இரண்டு தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சும் அடியில் ஏதோ கொதிப்பது போலச் சத்தம் போட்டது.

"என்னக்கா, ராத்திரி முழுக்க இப்படியேவா இருந்த?"

"மெத்தை கல்லு மாதிரி இருக்குடி. மலிவு டிக்கெட்டுக்கு மயிலிறகா போட்டு வெப்பான்? மூஞ்சியக் கழுவிட்டு வா. லேட்டா போனா முட்டை தீர்ந்துடும்."

கசில்டா துண்டை எடுத்துக்கொண்டு முகம் கழுவப் போனாள். அக்காவிடம் எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

ஸ்பெயினின் மாலகா நகரத்தில், எல் பாலோ கடற்கரைப் பக்கத்தில், இருவரும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். மேலே ஒப்தூலியாவின் வீடு, கீழே கசில்டாவின் முடிதிருத்தும் கடையும் அதன் பின்னால் அவள் வீடும். ஒப்தூலியா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் ஆயுள் முழுக்க நின்றுகொண்டே விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவள். வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்று மேற்பார்வையாளன் சொன்ன அன்று, வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு போய், கூடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்து இஸ்திரி போட்டாள். அவளை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. கசில்டாவைப் பெண் கேட்டு ஒரு ரயில்வே கார்டு வந்தபோது, "அவன் பார்வையே சரியில்ல" என்றாள். அவ்வளவுதான், அந்தப் பேச்சு அதோடு முடிந்துபோனது. கசில்டாவும் பிறகு வேறு யாரையும் நினைக்கவில்லை.

ஒப்தூலியாவின் ஒரே மகன் ஃபெர்மின், சுற்றுலாவுக்கென்று அமெரிக்கா போய் டாம்பாவிலேயே தங்கிவிட்டவன். படகு எஞ்சின் பழுதுபார்க்கிறான். அங்கே மனைவி, நான்கு வயதில் ஒரு பெண். அங்கே தங்குவதற்கான காகிதம் மட்டும் சரியில்லை. நாட்டைவிட்டு ஒரு கால் வெளியே வைத்தால் பத்து வருடம் உள்ளே விடமாட்டார்கள். அப்பா செத்ததற்குக்கூட அவனால் வர முடியவில்லை. அவன் வர முடியாதென்றால் நான் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள் ஒப்தூலியா. காதில் கோளாறு, விமானத்தில் ஏறக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாள். அதனால்தான் இந்தக் கப்பல். கோடை முழுக்க மத்தியதரைக் கடலில் சுற்றிய கப்பல்கள் நவம்பரில் கரீபியன் பக்கம் போகும்போது, காலியாகப் போவதற்குப் பதில் அறைகளை அடிமாட்டு விலைக்கு விற்பார்கள். ஏறுகிறவர்கள் எல்லாரும் ஓய்வூதியக்காரர்கள்தான்.

சாப்பாட்டு மேசையில் அவர்களோடு உட்கார்ந்தவர் லெயாந்த்ரோ. வல்லாதொலித் ஊர்க்காரர், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். வருடா வருடம் இப்படிக் கடல் தாண்டுகிறவர்.

"நடுக்கடல்ல வர்ற அசோர்ஸ் தீவு வரைக்கும்தான் நாம பயணிங்க," என்றார் பன்றியிறைச்சித் துண்டை வாயில் திணித்தபடி. "அதத் தாண்டிட்டா வெறும் சரக்கு. ஹெலிகாப்டர்கூட எட்டாது. போன வருஷம் ஒருத்தர் போயிட்டாரு. கீழ குளிர்பெட்டில வெச்சுத்தான் அமெரிக்கா கொண்டு போனாங்க. அவரும் முழு டிக்கெட்டுதான்!"

மேசையே சிரித்தது. ஒப்தூலியாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கைக்குட்டையால் வாயை அழுத்திக்கொண்டாள்.

அன்று மாலை அக்காவின் செருப்பைக் கழற்றிவிடக் குனிந்த கசில்டாவின் விரல் அவள் கணுக்காலில் அழுந்தியது. விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது, பிசைந்த மாவில் நிற்பது போல. பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். முழங்கால் வரை வீக்கம்.

"காது கோளாறுன்னு சொன்னியே."

"காதும்தான்."

"அக்கா!"

"இதயம்டி. போதுமா? பிளேன்ல போகாதேன்னார். கப்பல்ல போகாதேன்னு சொன்னாரா? சொல்லலல்ல?"

"அவர்கிட்ட நீ கப்பல்னு சொன்னியா?"

ஒப்தூலியா கசில்டாவின் கையைப் பிடித்தாள். பிடி இன்னும் இஸ்திரிக்காரியின் பிடியாகத்தான் இருந்தது. "இங்க பாரு. யார்கிட்டயாவது வாயத் திறந்தா என்னை அசோர்ஸ்ல எறக்கி விட்டுடுவாங்க. அவன் அங்க வர முடியுமா? வந்தா திரும்பிப் போக முடியுமா? அந்தக் குடும்பம் நாசமாப் போகணுமா? ஒரு வாரம் கண்ண மூடிட்டு இரு. நான் போய்ச் சேர்ந்துடுவேன்."

அசோர்ஸில் கப்பல் நின்ற காலையில் ஒப்தூலியா உதட்டுச்சாயம் பூசி, நீலக் கம்மல் போட்டு, மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பார்க்கிறவர்களுக்கு ஆரோக்கியமான கிழவி. கசில்டா அஞ்சலட்டை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். கரைக்குப் போகவில்லை. மருத்துவ அறையின் கதவு முன்னால் போய் நின்றாள்.

நர்ஸ் கதவைத் திறந்தாள். "என்னம்மா வேணும்?"

சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் நின்றது. அக்காவின் முகம் எதிரே வந்தது.

"கடல் குமட்டலுக்கு மாத்திரை குடும்மா."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மாலையில் தீவு சின்னதாகி, மேகமாகி, கடைசியில் மேகமும் இல்லாமல் போனது. அதற்குப் பிறகு தண்ணீர்தான்.

மறுநாளே கடல் புரள ஆரம்பித்தது. மாடிப்படிகளில் வாந்திப் பைகளைச் செருகி வைத்தார்கள். அறைச் சுவர்களின் பலகைகள் பல்லைக் கடிப்பது போல நறநறத்தன. மேற்கே போகப் போகக் கடிகாரத்தை ஒவ்வொரு மணியாகப் பின்னால் தள்ளச் சொல்லி அறிவித்தார்கள். "இந்த ஒரு மணி நேரமும் இலவசம்!" என்று லெயாந்த்ரோ கைதட்டினார். அக்காவின் பாடு இன்னும் ஒரு மணி நேரம் நீண்டுவிட்டது என்பதைத் தவிர கசில்டாவுக்கு அந்த அறிவிப்பில் வேறு அர்த்தம் இல்லை.

ஒப்தூலியா சாப்பிட வருவதை நிறுத்தினாள். பிறகு பேசுவதையும் குறைத்தாள். ஒரு பேச்சுக்கு நடுவில் மூன்று முறை மூச்சு வாங்கினாள். தீவைத் தாண்டி மூன்றாம் நாள் மதியம், சூப்புக் கிண்ணத்தோடு கசில்டா அறைக்குள் நுழைந்தபோது அக்காவின் உதடு ஊதா நிறமாக இருந்தது. கைக்குட்டையில் ரோஜா நிறத்தில் நுரை. கிண்ணம் எங்கே விழுந்தது என்று கசில்டாவுக்குத் தெரியாது. கதவைத் திறந்து நடைபாதையில் கத்தினாள்.

கப்பல் டாக்டர் யமீலே கொலம்பியாக்காரி. ஒப்தூலியாவுக்கு ஆக்சிஜன் கொடுத்து, ஊசி போட்டு, வெளியே வந்து கசில்டாவின் முன் உட்கார்ந்தாள். கோபத்தை அடக்கிக்கொள்வது தெரிந்தது.

"நுரையீரல் பூரா தண்ணி. கரையில நின்னோமேம்மா, அப்பவே ஏன் வரல?"

"வந்தேன் டாக்டரம்மா," என்றாள் கசில்டா. "மாத்திரை வாங்கிட்டுப் போயிட்டேன்."

டாக்டருக்கு அது புரியவில்லை. விளக்கம் கேட்க நேரமும் இல்லை.

அன்று சாப்பாட்டு வேளையில் கேப்டனின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. ஒரு நோயாளிக்காகக் கப்பல் பெர்முடா தீவுப் பக்கம் திரும்புகிறது, டாம்பாவுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும், மன்னிக்கவும் என்றார். கூடம் முழுக்க முணுமுணுப்பு எழுந்தது.

"யாரோ ஒரு கிழத்துக்காக ஆயிரம் பேரு அலையணும்," என்றார் லெயாந்த்ரோ. "வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சேதான் ஏத்தி விடுறாங்க. வெக்கங்கெட்ட ஜனங்க."

கசில்டா கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்க அக்காதான்."

லெயாந்த்ரோவின் முகம் வெளுத்தது. எழுந்து போய்விட்டார். ஆனால் பெர்முடாவுக்கு வெளியே, துறைமுகத்துக்குள் போகாமலே கப்பல் நின்று, கரையிலிருந்து படகு வந்தபோது, சகோதரிகளின் இரண்டு பெட்டிகளையும் கீழ்த்தளம் வரை தூக்கி வந்தவர் அவர்தான்.

படகு அலையில் ஒரு ஆள் உயரம் ஏறி இறங்கியது. ஒப்தூலியாவைத் தூக்குப்படுக்கையோடு கட்டி, படகு மேலே வரும் கணத்துக்குக் காத்திருந்து இறக்கினார்கள். கட்டுக்குள்ளிருந்த அவள் கண் கசில்டாவையே பார்த்தது. அந்தக் கண்ணில் பயம் இருந்ததைக் கசில்டா அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் முகமூடியைத் தள்ளிவிட்டு ஒப்தூலியா சொன்ன முதல் பேச்சு: "அவனுக்குப் போன் போட்ட... கொன்னுடுவேன்."

"இல்லக்கா, போடல."

நடைபாதைக்கு வந்து போட்டாள்.

"சித்தி? கப்பல் வர இன்னும் நாள் இருக்கே! அம்மாகிட்ட குடுங்க."

"பெர்முடாவுல இருக்கோம்டா. அம்மா ஆஸ்பத்திரில."

"எப்படி இருக்காங்க? உண்மையச் சொல்லுங்க."

கசில்டா சுவரில் சாய்ந்துகொண்டாள். "ரொம்ப மோசம்டா."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ கேட்டு நச்சரித்தது. யாரோ அதை அதட்டினார்கள்.

"வரேன்," என்றான் ஃபெர்மின்.

"டேய், வந்தா திரும்ப முடியாது. யோசிச்சுக்க."

"தெரியும் சித்தி."

மறுநாள் பிற்பகல் வந்தான். கையில் ஒரு சின்னப் பை மட்டும். வாசலில் அவனைப் பார்த்ததும் ஒப்தூலியா முதலில் கசில்டாவைத்தான் முறைத்தாள். பிறகு அவனை.

"எதுக்குடா வந்த? குழந்தைய யாரு பாத்துப்பா?"

"அவங்கம்மா இருக்காம்மா."

"முட்டாப்பய. உங்கப்பன் மாதிரியே." மூச்சு வாங்கினாள். அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். "நகத்துல என்னடா அழுக்கு?"

"எஞ்சின் எண்ணெய்."

"கழுவ மாட்டியா?"

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். அவள் பிடியை விடவில்லை. பேத்தியைப் பற்றிக் கேட்டாள். அவள் பால் குடிப்பாளா, பிடிவாதக்காரியா, காலில் செருப்பு போட்டுக்கொண்டு நடப்பாளா என்று ஒவ்வொன்றாக. பதில்களைக் கண்ணை மூடிக் கேட்டாள். அடுத்த நாள் காலை, நர்ஸ் திரைச்சீலையை விலக்கிக்கொண்டிருந்தபோது அவள் மூச்சு நின்றுபோனது.

ஃபெர்மினை அமெரிக்கா திரும்ப விடவில்லை. அம்மாவை மாலகாவுக்குக் கொண்டுவந்து அப்பா பக்கத்திலேயே அடக்கம் செய்தான். பிறகு அவள் வீட்டிலேயே இருந்துகொண்டான். மீன்பிடித் துறையில் எஞ்சின் வேலை கிடைத்தது. மனைவியும் மகளும் டாம்பாவில்தான் இருக்கிறார்கள். முதலில் தினமும் வந்த போன் பிறகு வாரம் ஒன்றானது. பெண்ணின் ஸ்பானிஷில் ஆங்கிலம் கலந்துகொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே கசில்டாவின் சமையலறையில் சாப்பிடுவான். ஒருநாள் கொண்டைக்கடலைக் குழம்பைக் கிளறியபடி, தலை நிமிராமல் கேட்டான்.

"அம்மாவுக்கு முடியலன்னு உங்களுக்கு எப்பலேருந்து தெரியும் சித்தி?"

"அசோர்ஸுக்கு முன்னாடியே."

கரண்டி நின்றது. கசில்டா எழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. எதற்காகக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லாமல் விட்டதற்கா, பிறகு சொன்னதற்கா?

மேலே அவன் வீட்டில் போன் அடித்தது. டாம்பாவில் அப்போதுதான் விடிந்திருக்கும். ஃபெர்மின் தட்டை அப்படியே வைத்துவிட்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஓடினான். குழம்பு ஆறிப்போகுமே என்று கசில்டா அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினாள்.