காலிப் பையோடு ஒரு நடை

தச்சநல்லூரில் இருபது வருஷமாக மடியில் முறத்தோடு உட்கார்ந்து பீடி சுற்றிய பாலம்மாளுக்குக் கால்கள் வீங்கிவிட்டன. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். தங்கள் தெருப் பெண்கள் யாருமே ஏன் சும்மா நடப்பதில்லை என்ற யோசனை அப்போதுதான் அவளுக்கு வந்தது. பக்கத்து வீட்டு செல்வக்கனியிடம் கேட்டாள்.

"சோலியில்லாம நடந்தா, எங்க போறியன்னு நாலு பேரு கேப்பாவளே மதினி!"

"அப்பம் ஆளுக்கொரு பையை எடுத்துக்கிடுவோம். கடைக்குன்னு சொல்லுவோம்."

மறுநாள் சாயங்காலம் இருவரும் காலிப் பையோடு கிளம்பினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் பதினோரு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு வாய்க்கால் ஓடுவதே பாலம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இது எங்கன போயி முடியுதுன்னு நாளைக்குப் பாத்திருவோம்," என்றாள்.