பூசியது தெரியாத முகம்

ஈர ஸ்பாஞ்சு கன்னத்தில் படும்போது முதலில் ஒரு சில்லிப்பு, அதன் பின்னால் முந்தின நாள் சரியாக அலசாததால் வரும் புளித்த வாடை, அதற்கும் பின்னால் தாடையைப் பிடித்துத் திருப்பும் அம்மாவின் நகம். பதிமூன்றாவது வயதில் ஒரு கோடை விடுமுறை முழுவதும் என் காலை இந்த வரிசையில்தான் விடிந்தது. கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில், பொள்ளாச்சி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர் மாடியில் அம்மா பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். அந்த வருஷம் கோயமுத்தூரில் பத்து நாள் வகுப்புக்குப் போய் 'கான்டூர்' என்ற புது வித்தையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். பழகிப் பார்க்க ஒரு முகம் தேவைப்பட்டது, வீட்டில் காசில்லாமல் கிடைத்த முகம் என்னுடையது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கான்டூர் என்பது முகத்தில் இல்லாத பள்ளத்தை இருப்பதாகக் காட்டும் வேலை. நம் நிறத்தைவிட இரண்டு படி கறுத்த பழுப்புக் கிரீமை எடுத்து, காதுப் பக்கமிருந்து கன்ன எலும்புக்குக் கீழே ஒரு கோடு, தாடை ஓரமாக ஒரு கோடு, நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் கொஞ்சம், மூக்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று இழுத்தால், அந்த இடமெல்லாம் நிழல் விழுந்ததுபோல உள்வாங்கிக்கொள்ளும். உருண்டை முகம் நீளமாகும், சப்பை மூக்கு எடுப்பாகும். கோடு போடுவது பெரிய காரியமில்லை, அதைக் கரைப்பதுதான் காரியம். "தட்டோணும், இழுக்கக் கூடாது. கோடு போட்டவளுக்கே கோடு எங்கன்னு தெரியக் கூடாது" என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அம்மா என் கன்னத்தில் தட்டிக்கொண்டே தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பொண்ணுகள் 'பளிச்'சென்று வெள்ளையடித்தால்தான் கொடுத்த காசுக்கு நியாயம் என்று நினைத்த காலம் அது. சித்தூர் பக்கத்து மலையாளிப் பொண்ணுகளோ வந்து உட்காரும்போதே "நேச்சுரல் மதி சேச்சி" என்பார்கள், இயற்கையாகத் தெரிந்தால் போதுமாம். அந்த 'நேச்சுரலை'ப் பிடித்துவிட்டால் சித்தூர்க் கல்யாணங்கள் அத்தனையும் தன் மாடிப்படி ஏறும் என்பது அம்மாவின் கணக்கு.

என் முகம் பழகுவதற்குத் தோதான முகம். அகலத் தாடை, உப்பிய கன்னம், பரந்து உட்கார்ந்த மூக்கு, ஒன்று விடாமல் எல்லாம் அப்பாவிடமிருந்து வந்தது. 'அப்பனை உரிச்சு வெச்சிருக்குது' என்று சொல்லாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், ரேஷன் கடையில் முன்னால் நின்றவர்கள், எல்லாரும் இதை ஒரு நல்ல வார்த்தை என்று நினைத்துக்கொண்டு அம்மாவிடம் சொல்வார்கள். தேங்காய் லாரியோடு பொள்ளாச்சிக்குப் போன அப்பா அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பம் வைத்து அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது. விட்டுப் போன மனுஷனின் முகம் தினமும் எதிரே உட்கார்ந்து இட்லி தின்றால் எவளுக்குத்தான் ஆத்திரம் வராது என்று இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரிந்ததெல்லாம், மூக்குப் பக்கம் வரும்போது மட்டும் ஸ்பாஞ்சு அடிப்பதுபோல இறங்கும் என்பதுதான். "இந்த மூக்கைப் பார்த்தாவே எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்பாள்.

இதிலே ஒரு கூத்து உண்டு. ஊர்ப் பெரியவர்கள் கூடி, பிள்ளைக்காவது ஒரு வழி செய் என்று அப்பாவைக் கேட்டபோது, அவர் கூசாமல் "அது என்ற புள்ளையே இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் இருந்த டீக்கடைக்காரர், "ஏப்பா, உன்ற மூஞ்சிய ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுனாப்புல இருக்குது, வாய் கூசாமச் சொல்ற?" என்று கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். ஆக அம்மாவின் பக்கம் சாட்சி சொல்ல இருந்தது என் மூஞ்சி ஒன்றுதான். அதைத்தான் அவள் தினமும் காலையில் அழித்துக்கொண்டிருந்தாள்.

கை படிந்த பிறகு அம்மா என்னை வியாபாரத்துக்குப் பயன்படுத்த ஆரம்பித்தாள். வலப் பாதி முகத்தை மட்டும் முடித்து, இடப் பாதியை அப்படியே விட்டு, பார்லர் வாசலுக்கு நேரே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவாள். காலையிலிருந்து மத்தியானம் வரை நான் அந்த அரை முகத்தோடு உட்கார்ந்திருப்பேன். வியர்த்தால் துடைக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, ஐஸ் வாங்கித் தின்னக் கூடாது. வாடிக்கைக்காரிகள் வந்ததும் என் தாடையைப் பிடித்து அங்கும் இங்கும் திருப்பிக் காட்டுவாள். "இதா பாருங்க, இந்தப் பக்கம் கடவுள் குடுத்தது. இந்தப் பக்கம் நான் குடுத்தது." அவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். ஒருத்தி மட்டும் "ஏனுங்க, அந்தப் பக்கத்தையும் சித்த முடிச்சு உட்ருங்க, பார்க்கவே பாவமா இருக்குது" என்றாள். இரக்கப்பட்டுச் சொன்னதுதான். சிரித்தவர்களை எல்லாம் மறந்துவிட்டேன், அவளை இன்னும் மறக்கவில்லை.

நான் மட்டும் பால் குடிக்கிற பிள்ளையாக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை. ஒரு மாதம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததில் எதிரே வருகிற முகங்களைப் பிரித்துப் பார்க்கும் கண் எனக்கும் வந்துவிட்டது. ஒருநாள் என்னைப் பார்க்க மாடியேறி வந்த சஜிதாவிடம், அவள் என் வகுப்புத் தோழி, "உனக்குத் தாடையே இல்லடி, கழுத்து நேரா வாய்க்கு வந்துருச்சு" என்றேன். அம்மா பெருமையாகச் சிரித்தாள். சஜிதா அதற்குப் பிறகு மாடியேறவில்லை. பள்ளிக்கூடம் திறந்த பின்னும் பேசும்போது தாவணி நுனியால் தாடையை மறைத்துக்கொண்டே பேசினாள்.

விடுமுறை முடியும் தறுவாயில் நான் பெரியவளானேன். சீர் வைக்க வேண்டும். மாமன் சீர் கொண்டுவருவது ஒரு பக்கம் இருக்க, எங்களில் அப்பாவுடன் பிறந்தவள்தான் முதலில் சந்தனம் தொட்டு வைத்து முதல் ஆரத்தி எடுக்க வேண்டும். அத்தை கை பட்டால்தான் அந்தப் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. அத்தை வராமல் சீர் நடந்தால், அப்பன் வீடு அறுத்துவிட்டது என்று ஊர் எழுதி வைத்துக்கொள்ளும், நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது அதை முதலில் எடுத்துப் போடும். அம்மா மானத்தை விட்டு நாலு பேரைப் பொள்ளாச்சிக்கு அனுப்பினாள். அத்தை வருவாள், அப்பாவும் வருவார் என்று பதில் வந்தது. நான் மூன்று நாள் தூங்கவில்லை. அவர் வந்து, என் முகத்தைப் பார்த்து, ஊர் நடுவே ஆமாம் என்று ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

சீர் அன்று அம்மா எனக்கு முழு முகமும் போட்டாள். அவ்வளவு நேரம் அவள் என்னைத் தொட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. கோட்டை இழுப்பாள், தட்டுவாள், பின்னால் போய் நின்று பார்ப்பாள், மறுபடியும் தட்டுவாள். தாடை ஒடுங்கிற்று, கன்னம் உள்ளே போயிற்று, மூக்கு நிமிர்ந்தது. கண்ணாடியில் பார்த்தபோது பூச்சு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. யாரோ ஒரு அழகான வீட்டுப் பிள்ளை தூங்கி எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து நிற்பதுபோல இருந்தது. என் முகத்தின் இரண்டு பக்கமும் அன்றைக்குத்தான் ஒன்றாக இருந்தன. எனக்கு அழுகை வந்தது. "அழுதீன்னா கொன்னுபோடுவேன்" என்றாள் அம்மா. அடக்கிக்கொண்டேன்.

மண்டபத்தில் வந்தவர்கள் எல்லாரும் மேடையேறி என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஓடினார்கள். கூட்டத்தில் அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருக்கும் மூன்று பொண்ணுகளின் அம்மாக்கள் இருந்தார்கள், ஒருவர் சித்தூர்க்காரர். "என்னங்க போட்டீங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் எல்லாரும் சொல்கிற பொய்யைச் சொன்னாள். "ஒண்ணுமே போடலீங்க, பவுடர் மட்டுந்தான்." பிள்ளை இயற்கையாகவே அழகு என்றும் ஆயிற்று, கேட்பவள் நம்பாமல் நாளைக்கு மாடியேறி வந்து 'அந்தப் பவுடரை'க் கேட்பாள் என்றும் ஆயிற்று. அவளுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

பத்து மணிக்கு அத்தை வந்தாள். பின்னால் அப்பா. ஐந்து வருஷத்தில் இன்னும் அகன்றிருந்தார். அத்தை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரே நின்று உற்றுப் பார்த்தாள். சந்தனக் கிண்ணத்துக்குப் போன கை பாதியில் நின்றது. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"சாடை இருக்குது, சாடை இருக்குதுன்னு ஊரே சொல்லிச்சு. என்ற தம்பி மூஞ்சியில ஒண்ணாச்சும் இந்தப் புள்ளைகிட்ட இருக்குதான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

யாரோ ஒருத்தி, "மேக்கப் போட்டிருப்பாங்க, கழுவுனா தெரிஞ்சுட்டுப் போகுது" என்றாள். அத்தை அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி அம்மாவைப் பார்த்தாள். "என்னம்மிணி, வாசல்ல இருந்து கேட்டுக்கிட்டே வாரேன், பவுடர் மட்டுந்தான்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கற. பவுடரா, வேற ஏதாச்சுமா? சொல்லு, கழுவிப் பார்த்துட்டு ஆரத்தி எடுக்கறேன்."

அத்தைக்குத் தெரியாமல் இல்லை. என் மூஞ்சியைத் தொட்டிலிலிருந்தே பார்த்தவள். தம்பிக்கு ஒரு வழி கிடைத்தது, பிடித்துக்கொண்டாள். அப்பா என்ன நினைத்தார் என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் இரண்டடி முன்னால் வந்து என் முகத்தையே பார்த்தார். தேடிப் பார்த்தார் என்று நான் சத்தியம் செய்வேன். அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சித்தூர்க்காரர் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தாள்.

"பவுடர் மட்டுந்தானுங்க" என்றாள்.

பெற்றவளே சொன்ன பிறகு, என் மூஞ்சி தெரிந்த ஊர் எதை மறுத்துப் பேசும்? என் மடியில் ஈரத் துண்டு ஒன்று இருந்தது, வியர்வையை ஒற்றுவதற்கு அம்மா கொடுத்தது. அதை எடுத்து மூக்கின் மேல் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போதும். அப்பா நின்றுகொண்டுதான் இருந்தார். ஒரு நிமிஷம் நின்றிருப்பார், அதற்கு மேலும் இருக்கலாம். நான் துண்டை எடுக்கவில்லை. பயம் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டேன். பயமில்லை. அழகாக இருந்தேன், அதைக் கலைக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான். அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள், அப்பா அவள் பின்னால் போனார். மாமன் மனைவி ஆரத்தி எடுத்தாள். போட்டோக்காரர் என்னைச் சிரிக்கச் சொன்னார், நான் சிரித்தேன்.

அந்த ஆவணியில் அம்மாவுக்குச் சித்தூரில் மட்டும் ஏழு கல்யாணம். ஸ்டூல் வேலை எனக்கு அதோடு முடிந்தது, பழகுவதற்கு இனி என் முகம் தேவைப்படவில்லை. அவள் மறுபடி என்னைத் தொட்டுப் பேச எனக்குக் காய்ச்சல் வர வேண்டியிருந்தது.

இப்போது அந்த மாடியில் பல் டாக்டர் இருக்கிறார். முழங்கால் போய், படியேற முடியாமல் அம்மா வீட்டோடு இருக்கிறாள். ஊர்ப் பிள்ளைகள் போனைப் பார்த்துத் தாங்களே கோடு இழுத்துத் தாங்களே கரைத்துக்கொள்கிறார்கள். நான் பாலக்காட்டில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறேன், முகத்துக்குச் சோப்பைத் தவிர எதுவும் போடுவதில்லை. இருபத்தைந்து வயதுக்குமேல் உடம்பு இளைத்து, கன்னம் தானாகவே வற்றி, தாடை ஒடுங்கி, மூக்குக்கூட எலும்பு தெரிய நிமிர்ந்துவிட்டது. அம்மா அவ்வளவு பாடுபட்டுத் தட்டியதை வயசு சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டது. 'அப்பனை உரிச்சு வெச்சிருக்குது' என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

சென்ற வருஷம் அப்பா இறந்தார். செய்தி கேட்டதும் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் பொள்ளாச்சி போனேன். வாசலில் அத்தை உட்கார்ந்திருந்தாள், நன்றாகக் கிழடு தட்டியிருந்தது, ஆனால் கண் தெளிவாகத்தான் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆரு அம்மிணி நீ?" என்றாள். சூது இல்லாமல், நிஜமாகவே கேட்டாள். கொழிஞ்சாம்பாறை என்றேன். "அங்க ஆரூட்டுப் புள்ளை?" என்றாள். சொல்லியிருக்கலாம். "தெரிஞ்சவங்கதானுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அப்பாவுக்கு வெகுநாள் சீக்கு போலிருக்கிறது. ஐஸ் பெட்டிக்குள் கன்னங்கள் குழிந்து, தாடை ஒட்டி, மூக்கு மட்டும் எடுப்பாகக் கிடந்தவரை அவர்தான் என்று நம்ப எனக்கும் நேரம் பிடித்தது. அம்மா பார்த்திருந்தால் ஒரு குறை சொல்லியிருக்க மாட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அத்தை கேட்டதையும் நான் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். அம்மா காலை நீவிக்கொண்டே கேட்டுவிட்டு, "பெத்தவன்னாத்தான் பதினாறு நாளு தீட்டு. தெரிஞ்சவங்க ஊட்டுச் சாவுக்குத் தலைக்கு ஊத்துனாப் போதும்" என்றாள். நான் அவளோடு சண்டை போடவில்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, அன்றைக்கே சாமிக்கு விளக்கேற்றினேன்.