பாதியில் நின்ற சவரம்

கோணலைக் கண்டால் சலூன்காரரின் கை சும்மா இருக்காது. சாய்ந்த காலண்டர், மடங்கிய காலர், ஏறியும் இறங்கியும் நிற்கும் கிருதா, எதுவானாலும் நேராக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவார். தொழிலுக்கு நல்ல குணம். வீட்டில் அதுவே வம்பாகிவிட்டது.

மூன்று வயது மகளுக்கு மூளை முடக்குவாதம். கால்களில் கொஞ்சம் இறுக்கம். இடது கைதான் பெரிய பிடிவாதக்காரி, கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக மூடிக்கொள்ளும். அதையும் வேலைக்கு இழுக்க, தினமும் சற்று நேரம் வலது கைக்குக் காலுறை மாட்டி விளையாட விடச் சொல்லியிருந்தார் தெரபிஸ்ட். குழந்தை இடது கையை நீட்டும். அது பொம்மையைத் தொடுமுன் அப்பாவின் கை முந்திக்கொள்ளும்.

"நீங்களே எடுத்துக் குடுத்துட்டா அவ எதுக்கு சார் எடுக்கணும்?" என்றார் தெரபிஸ்ட்.

"பாவம், தவிக்கிறா மேடம்."

"தவிக்கல, முயற்சி பண்றா. பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி தீர்ப்புச் சொன்னாள். "இனிமே அந்த நேரத்துல கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. இல்லன்னா உங்களுக்கும் ரெண்டு சாக்ஸ் மாட்டிடுவேன்."

கட்டினார். கட்டிய கை தானாக அவிழ்ந்தது. மகளின் கை திறக்காமலே போனால் அதற்குத் தானே காரணமாகிவிடுவோமோ என்ற பயம் அவரை உள்ளூர அரித்தது.

மனைவிக்குப் பகல் ஷிப்ட் விழுந்த ஒரு நாள், மகளைக் கடைக்குக் கூட்டி வந்தார். பெல்ட் வைத்த அவளுடைய நாற்காலியைக் கண்ணாடியை ஒட்டிப் போட்டு, காலுறையையும் மாட்டிவிட்டார்.

"முதலாளி வந்தாச்சா? இனி கடை உருப்பட்டுடும்" என்றபடி வந்து உட்கார்ந்தார் தபால்காரர்.

நுரை குழைக்கும்போது ஒரு திவலை தெறித்து, குழந்தைக்கு இடப்பக்கமாகக் கண்ணாடியில் ஒட்டியது. தபால்காரரின் ஒரு கன்னம் முடிந்து, கத்தி கழுத்துக்கு இறங்கிய நேரம் குழந்தை அதைப் பார்த்துவிட்டாள். காலுறைக் கை நுரைக்கு எட்டவில்லை. இடது கை மெல்ல எழுந்தது. மூடியபடியே கண்ணாடியில் முட்டி வழுக்கியது. சலூன்காரரின் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்தது.

"தம்பி, கத்தி என் கழுத்துல இருக்கு" என்றார் தபால்காரர், உதடு அசையாமல். "முதலாளி ஏதோ வேலையா இருக்காங்க. நாம எதுக்கு நடுவுல?"

சலூன்காரர் அசையாமல் நின்றார். சின்னக் கை மறுபடி முட்டியது, வழுக்கியது. குழந்தை சிணுங்கினாள். பிறகு நாக்கைத் துருத்திக்கொண்டு இன்னொரு முறை தூக்கினாள். கட்டைவிரல் வெளியே வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக நெகிழ, உள்ளங்கை நுரைமேல் சப்பென்று விழுந்தது.

"அப்பா! ஜில்லு!"

சலூன்காரர் கத்தியை மேசைமேல் வைத்தார். பிரஷ்ஷைத் தோய்த்து, கண்ணாடியில் இன்னும் சற்று உயரத்தில் புதிதாக ஒரு திவலை வைத்தார்.

"இன்னொரு கன்னம் பாக்கி இருக்குப்பா! நுரை காயுது."

"இருங்கண்ணே, அவ முடிச்சிடட்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்த முறை அது அவிழவில்லை.