டிவியில் தெரிந்த மூடிய குவியல்

நடந்ததை வரிசையாகவே எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

1. நான் வேலை பார்க்கும் புதுச்சேரி நிறுவனம், கண்ணில் ஹெட்செட் மாட்டிக்கொண்டால் நம் வங்கிக் கணக்கையே காட்சியாகக் காட்டும் ஒரு மென்பொருளைச் செய்தது. அதை வடிவமைத்தவள் நான்.

2. உப்பளங்கள் நிறைந்த மரக்காணத்துக்காரி என்பதால் பணத்தை உப்பாக வரைந்தேன். கைச்செலவுக்கு இருப்பது திறந்த குவியல். தொடாமல் சேர்ப்பது பனையோலை போட்டு மூடிய குவியல்.

3. எங்கள் ஊர் மகளிர் குழுக் கூட்டத்தில் அதைக் காட்டப் போனோம். வேடிக்கை பார்க்க ஆண்களும் வந்திருந்தார்கள். உப்பளத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அக்கா முதலில் எழுந்து வந்தார்.

4. "மத்தவங்களுக்குத் தெரியாதுல்ல?" என்று மெல்லக் கேட்டார். "உங்களுக்கு மட்டும்தான் தெரியும்க்கா" என்றேன். அதன் பிறகே போனுக்கு வந்த ஓடிபியைச் சொன்னார்.

5. போட்டோ நன்றாக வர வேண்டும் என்று என் மேலாளர், ஹெட்செட்டில் தெரிவதை, விளம்பரம் காட்ட நாங்கள் பந்தலில் வைத்திருந்த பெரிய டிவியிலும் ஓடவிட்டார். நான் அணைத்து வைத்திருந்த வசதி அது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெறும் கட்டமும் கோடுமாக இருந்திருந்தால் பந்தலில் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் ஓலை போட்ட குவியல் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இப்போதைக்கு விற்காமல் வைத்திருக்கும் சரக்கு.

"ஏம்பா, உன் பொண்டாட்டி எம்மாம் பெருசா மூடி வெச்சிருக்குது பாரு! நீ என்னான்னா நேத்து டீக்கு என்கிட்ட கை நீட்டுற" என்று ஒருவர் அக்காவின் கணவரைச் சீண்டினார்.

"வட்டிக்கு விடுமான்னு கேளுடா!" என்றார் இன்னொருவர்.

பந்தலே சிரித்தது. கண்ணை மறைத்த ஹெட்செட்டோடு நின்ற அக்காவும், எதற்கென்று தெரியாமல் கூடவே சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் டிவியின் ஒயரைப் பிடுங்கினேன். கணவர் அதற்குள் எழுந்து போய்விட்டார்.

அந்தப் பணம் மகளின் நர்சிங் படிப்புக்கானது. கணவர் கைக்குப் போனால் அவர் தம்பியின் வண்டிக் கடனுக்குப் போய்விடும் என்றுதான் அக்கா வீட்டில் சொல்லாமல் சேர்த்தார்.

ஏன் டிவியில் போட்டீர்கள் என்று திரும்பும் வழியில் காரில் மேலாளரிடம் கேட்டேன். "புருஷன்தானேம்மா பார்த்தாரு, இதுல என்ன இருக்கு? ரெஸ்பான்ஸ் பார்த்தியா, கூட்டமே எழுந்து நின்னுடுச்சு!" என்றார்.

"உங்க சம்பளத்தையும் லோனையும் நம்ம ஆபீஸ் டிவில போடலாமா சார்?"

"அது வேற."

என்ன வேறு? அவருடைய சம்பளச் சீட்டு கடவுச்சொல் போட்டுப் பூட்டித்தான் அவருக்கே வருகிறது. வெயிலில் உப்பு வாரிச் சேர்த்த பணம் மட்டும் ஊர் பார்க்கும் வேடிக்கையா?

மறுநாள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீ சொன்னியேன்னுதாம்மா நம்பரைச் சொன்னேன்" என்றார்.

இப்போதைய நிலை இது. வைப்புத்தொகை அக்காவின் பெயரில் அப்படியே இருக்கிறது. கணவர் தினமும் கேட்கிறார். அதை எடுக்க அக்கா இதுவரை கையெழுத்துப் போடவில்லை. மகள் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நிறுவனத்தில் எழுத்தில் நான் கொடுத்த புகாருக்குப் பதில் வரவில்லை. அடுத்த கூட்டம் வானூரில். டிவியை வேனில் ஏற்றிவிட்டார்கள். நான் போக மறுத்துவிட்டேன்.