கழுத்து பதினாறு

எங்கள் வீட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு வெள்ளைச் சட்டை வாங்குவார்கள். முழுக்கை, கழுத்து பதினாறு. அது என் அப்பாவுக்கு அல்ல, அக்காவின் அப்பாவுக்கு. அவரோ நான் பிறப்பதற்கு ஏழு வருடம் முன்பே சயாமில், ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதையில் செத்துப்போனவர். தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் இறந்தவர்களுக்குப் படையல் போடுவது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், எல்லா வீட்டிலும் உண்டு. கோழிக்கறி, கருவாட்டு சம்பல், சுருட்டு, ஒரு கிளாஸ் கறுப்பு பீர், இவற்றுக்கு நடுவே மடிப்புக் கலையாத அந்தச் சட்டை இருக்கும். படைத்த துணியை மறுநாள் வீட்டு ஆம்பிளை உடுத்த வேண்டும் என்பது வழக்கம். எங்கள் வீட்டில் ஆம்பிளை என்று இருந்தவர் என் அப்பா ஒருவர்தான். அவருக்குக் கழுத்து பதினாலுகூட இருக்காது.

எனக்கு எழுபத்தைந்து வயதாகிறது. முகம்கூடப் பார்த்திராத ஒரு மனிதர்மேல் இத்தனை வருடமும் பொறாமைப்பட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. இதில் யார் பேரையும் நான் சொல்லப்போவதில்லை. ஏன் என்று படித்து முடித்தால் உங்களுக்கே விளங்கும்.

என் அம்மாவுக்கு அவர்தான் முதல் கணவர். அக்கா தவழ்ந்துகொண்டிருந்த நாளில், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு லோரி வந்து, மூன்று மாத வேலை, அரிசி கிடைக்கும் என்று சொல்லி ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. மூன்று மாதம் மூன்று வருடமானது. சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா கீழே ரோட்டில் தன் புருஷனின் சட்டை நடந்து வருவதைப் பார்த்திருக்கிறாள். கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். கிட்டே போனால் சட்டைக்குள் இருந்தது வேறு ஆள். அந்த வேறு ஆள்தான் என் அப்பா. தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து அதே ரயிலில் போனவர், அக்காவின் அப்பாவோடு ஒரே கொட்டகையில் கிடந்தவர். சேதி சொல்ல மலையேறி வந்தவர், தேயிலை பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வருடம் கழித்து அம்மாவைக் கட்டிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட கதை இதுதான். அக்காவின் அப்பா காலரா கண்டு சாகும்போது தன் சட்டையைக் கழற்றி என் அப்பா கையில் கொடுத்து, "இத அடையாளமா எம் பொண்டாட்டிகிட்ட குடுத்துடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாராம். இந்த ஒரு வரிக்காக லயமே அக்காவின் அப்பாவைக் கும்பிட்டது. என் அப்பா என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை, உயிரோடு திரும்பி வந்தார். உயிரோடு இருப்பவருக்கு யார் படையல் போடுவார்கள்? அவருக்கு இருமல் இருந்தது, காலில் ஆறிய புண்ணின் பள்ளம் இருந்தது, சாப்பிடும்போது சத்தம் வரும். அக்காவின் அப்பாவுக்கு இருமலே கிடையாது. எல்லா வருடமும் புதுச் சட்டை மட்டும் உண்டு.

தானா ராத்தா டவுனில் துணிக்கடைக்குப் போவது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா யோசிக்காமல் சொல்வாள், "கழுத்து பதினாறு." கடைக்காரர் வெளியே நின்று சுருட்டுப் பிடிக்கும் அப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க?" என்பார். "வீட்டுக்காரருக்குத்தான்" என்பாள் அம்மா. எனக்கு வயிறு எரியும். "அப்பா சைஸுக்கு வாங்கும்மா" என்று ஒருமுறை முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "சும்மா இருடி" என்று கையைத் தட்டிவிட்டாள். மறுநாள் அப்பா அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருவார். கை, விரலைத் தாண்டித் தொங்கும். தோள் முழங்கைக்கு இறங்கும். "என்னய்யா, நீ சட்டையப் போட்டிருக்கியா, சட்டை உன்னப் போட்டிருக்கா?" என்று பக்கத்து லயத்துக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். அவர் சிரிப்பதுதான் எனக்குத் தாங்காது. கோபித்துக்கொள்ளக் கூடாதா என்று இருக்கும்.

பத்து வயதில் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். படையலுக்கு வைத்திருந்த சட்டையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, இரண்டு கையையும் அப்பாவின் மணிக்கட்டு அளவுக்கு வெட்டினேன். எனக்குத் தெரிந்த லட்சணத்தில் ஓரம் மடித்துத் தைத்தேன். கழுத்துப் பொத்தானையும் உள்ளே தள்ளித் தைத்தேன். அப்பா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அம்மா இலை போட்டாள், அக்கா விளக்கேற்றினாள், அப்பா சட்டையை எடுத்து வைக்கக் கையை நீட்டினார். தூக்கிப் பார்த்தார். அதுவரை என்மேல் ஈ உட்கார்ந்தால்கூட வலிக்குமோ என்று ஊதிவிடுகிற மனுஷன், திரும்பி என்னை ஓங்கி அறைந்தார். அப்புறம் குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கி டவுனுக்கு நடந்தார். நன்றாக இருட்டிய பிறகு, அடைத்த கடையின் பின்கதவைத் தட்டி வாங்கி வந்த பதினாறு நம்பர் சட்டையோடு, தொப்பலாக நனைந்து திரும்பினார். சட்டை மட்டும் நனையவில்லை. தன் பெண்டாட்டியின் முதல் புருஷனுக்காக என்னை அடித்துவிட்டாரே என்று அன்று ராத்திரி முழுக்க அழுதேன். அப்பாவும் அந்தப் பக்கம்தான் என்று முடிவு கட்டினேன்.

அக்காவின் கல்யாணத்தில் அது உறுதியானது. அக்காவுக்கு அப்போது இருபது வயது. கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த வீட்டில் கொடுத்தோம். அக்கா என் அப்பாவை "சித்தப்பா" என்றுதான் கூப்பிடுவாள். அவர்தான் தாரை வார்த்தார். கையில் செம்பு நடுங்கி, தண்ணீர் பாதி மாப்பிள்ளையின் வேட்டியில் கொட்டியது. அவர் கண்ணிலும் தாரை தாரையாகத் தண்ணீர். பத்து வருடம் கழித்து என் கல்யாணத்தில் அதே செம்பைப் பிடித்தபோது அந்தக் கை துளிகூட நடுங்கவில்லை. ஐயரிடம் ஜோக் அடித்துக்கொண்டே ஊற்றினார். போகிறவள் போகட்டும் என்பது போல எனக்குப் பட்டது. மணமேடையில் உட்கார்ந்துகொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண் நானாகத்தான் இருப்பேன். ஆறு வருடத்தில் அப்பா அந்த இருமலிலேயே போய்ச் சேர்ந்தார். ரயில் பாதையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் கேட்டால், "அது என்னத்துக்கு உனக்கு, போய் வெளயாடு" என்பார். எனக்கு இரண்டு பிள்ளை பிறந்த பிறகும் அதே பதில்தான்.

போன மாதம் ஒரு தமிழ்ப்பள்ளி டீச்சர், சயாமில் மாண்டவர்களுக்குக் கல் வைக்கப் போகிறார்கள் என்று சொல்லிப் பேர் சேகரிக்க வந்தார். நான் லெம்பா பெர்த்தாமில் மகனோடு இருக்கிறேன். அக்கா கம்போங் ராஜாவில் இருக்கிறாள். அக்காவின் வீட்டில் வைத்துத்தான் டீச்சரைப் பார்த்தோம். அக்கா தன் அப்பாவின் பேரைச் சொன்னாள். டீச்சர் எழுதிக்கொண்டு பேனாவை மூடினார். எனக்கு வந்ததே கோபம்.

"எங்கப்பா மட்டும் என்ன, ஜாலான் ஜாலான்னு ஊர் சுத்தவா போனாரு? அந்த ரயில்தான் அவரையும் கொன்னுச்சு. முப்பது வருஷம் கழிச்சுக் கொன்னுச்சு, அவ்வளவுதான்."

பாவம், டீச்சர் பயந்துவிட்டார். "திரும்பி வந்தவங்க பேரும் போடலாம் பாட்டி. ஆனா எந்த முகாமு, என்ன நடந்துச்சுன்னு நாலு வரி வேணும். சொல்றீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. என் அப்பாவைப் பற்றி நான் ஒரு வரிகூட அறியாதவள் என்பது ஒரு வெளியாள் முன்னால் அம்பலமானது. அப்போது அக்கா பேச ஆரம்பித்தாள். ஆற்றை ஒட்டிய கொட்டகை, மூங்கில் பரண், மண் சுமந்தது, காலில் புண் வைத்து எலும்பு தெரிந்தது, மழைக்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு படுத்தது என்று எல்லாவற்றையும் கூடவே இருந்தவள் போலச் சொன்னாள். டீச்சர் பக்கம் பக்கமாக எழுதினார். மீதியை அடுத்த வாரம் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிக் கிளம்பினார்.

கார் போகிற வரைக்கும் பொறுத்தேன். "எங்கப்பா கதை உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அக்கா சொன்னாள். அவள் கல்யாணத்துக்கு முதல் நாள் அப்பா அவளைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். "உங்கப்பன் எனக்குச் சட்டையக் குடுக்கல. நான்தான் கழட்டினேன்" என்றாராம். அடைமழையில் என் அப்பா காய்ச்சலோடு கோவணத்துணியில் கிடந்திருக்கிறார். பக்கத்தில் காலராவில் கிடந்த அக்காவின் அப்பா உடம்பில் மட்டும் ஊரிலிருந்து போட்டுவந்த கெட்டிச் சட்டை இருந்திருக்கிறது. விடிந்தால் வேறு எவனாவது எடுத்துவிடுவான். "மூச்சு இருந்துச்சு. சட்டக் காலரப் புடிச்சுக்கிட்டே இருந்தான். விரல ஒண்ணொண்ணாப் பிரிச்சுத்தான் எடுத்தேன். அந்தச் சட்டைதான் என்னையக் காப்பாத்துச்சு." அம்மாவுக்கும் இது தெரியும். கட்டிக்கொள்வதற்கு முன்பே சொல்லிவிட்டாராம். வருடா வருடம் புதுச் சட்டை, அதுவும் அளவு குறையாமல் பதினாறு என்பது அம்மாவின் ஆசை இல்லை. என் அப்பா கேட்டு வாங்கிக்கொண்டது. குழாயடியில் கடைசியாக அக்காவிடம் கேட்டாராம். "இப்பச் சொல்லும்மா. நாளைக்கு நான் தாரை வார்த்துக் குடுக்கலாமா, வேணாமா?"

"நீங்கதான் குடுக்கணும் சித்தப்பான்னு சொன்னேன்" என்றாள் அக்கா.

நான் அழுதேன். அறைந்த கன்னம் அறுபத்தைந்து வருடம் கழித்து அப்போதுதான் வலித்தது. ஆனால் அழுதுகொண்டே என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "உங்கிட்ட சொல்லியிருக்காரு. நான் அவரு ரத்தம். எங்கிட்ட ஏன் சொல்லல?" கட்டையில் போகிற வயதிலும் புத்தி போகவில்லை.

"உங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு" என்றாள் அக்கா. "சின்னது என்னைய நல்லவன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு, அது நெனச்சுக்கிட்டே இருக்கட்டும்னாரு."

"அப்பவும் உன்னத்தான நம்பியிருக்காரு."

அக்கா எழுந்து நின்றாள். எண்பத்து மூன்று வயதில் அவள் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. "ஏண்டி, இதுக்குமா பொறாம? மறுநாள் தாலி ஏறப்போற புள்ளைக்கு அவரு எறக்கி வெச்ச மூட்டை அது. இன்னைக்கும் படையல் போட்டா எங்கப்பன் மொகம் வராது, வெரல்தான் வரும். எனக்குக் கெடச்சது அதுதான்லா. உனக்கு அப்பன் கெடச்சாரு. மாத்திக்கிறியா? சொல்லு."

"வேணாங்க்கா" என்றேன். யோசிக்காமலே வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்த்தாள். "தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் எனக்குத் தேத்தண்ணி கலக்கினாள்.

அடுத்த வாரம் டீச்சர் வந்தார். கொட்டகையில் கடைசி நாள் என்ன நடந்தது என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவுக்கு நியாயம் இருக்கிறது, உண்மையைச் சொல்லலாம். அவள் சொன்னால் அப்புறம் என் அப்பா பேர் அந்தக் கல்லில் எப்படி ஏறும்? அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "எங்கப்பா சாகும்போது அவரே சட்டையக் கழட்டி, இவங்கப்பா கையில குடுத்து, போட்டுக்கடா, நீயாச்சும் பொழச்சுப் போன்னு சொல்லிட்டுத்தான் செத்தாரு. அப்படியே எழுதிக்கம்மா. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க" என்றாள்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினார். அடையாளத்துக்குக் கொடுத்தார் என்று இருந்ததை, பிழைத்துப் போ என்று கொடுத்ததாக அவள் மாற்றிவிட்டாள். எனக்கு அந்த நேரத்திலும் பொறாமையாகத்தான் இருந்தது. சட்டைக்காரர்மேல் அல்ல, அக்காமேல். அவள் இடத்தில் நான் இருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.