ஒன்பது செவ்வாய்

குருநகரில் என் பெரியப்பா சிமியோன் நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். பாரிசவாதம் வந்தபின் அவருடைய இடது பாதம் தொங்கிப்போனது. வாசற்படிகூடத் தூரமானது.

சிகிச்சை நிலையத்தில் இரவலாக ஒரு பட்டி கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே கட்டி நடந்தால், மெல்லிய மின்சாரம் பாய்ச்சிப் பாதத்தைத் தூக்கிவிடும். அடிகளை எண்ணி என் தொலைபேசிக்கும் அனுப்பும். அதைக் கட்டினால் முற்றத்து முருங்கை வரை போய்வருவார். கழற்றினால் கால் மண்ணில் கோடு கிழிக்கும். ஒருவர் நன்றாக நடக்கத் தொடங்கியதும் பட்டியை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஊர் திரும்பி அவர்கள் வீட்டில் தங்கியும் ஓரிடத்தில் இருக்கத் தெரியாத நான், செவ்வாய்க்கிழமைகளில் எங்கேயாவது பஸ் ஏறிவிடுவேன். ஞாயிறுதோறும் அடிக்கணக்கை மட்டும் நிலையத்துக்கு அனுப்பினேன். ஒரு செவ்வாய் மூவாயிரம் அடி. அடுத்த செவ்வாயும் அப்படியே. துள்ளிக் குதித்தேன்.

நாலாம் வாரம் நிலையத்துப் பயிற்சியாளர் கஜந்தினி பட்டியைத் திரும்ப வாங்க வந்தார்.

"கெட்டிக்காரன் மாமா! எங்கை, ஒருக்கா இதில்லாமல் நடந்து காட்டுங்கோ."

மூன்றாம் அடியில் பெரியப்பா கதவைப் பிடித்துத் தொங்கினார்.

"அப்ப செவ்வாய்க்கிழமையளிலை ஆர் நடந்தது?" என்றார் கஜந்தினி.

பெரியம்மா கத்தரீனா சீலைத் தலைப்பைக் கசக்கினார். "நான்தான் பிள்ளை. இவருக்காகப் பாசையூர் அந்தோனியார் கோயிலுக்கு ஒன்பது செவ்வாய் நடக்க நேர்த்தி. ஆரின்ரை காலுக்கெண்டு அந்தோனியாருக்கு விளங்கவேணுமெல்லே? அதுதான் பட்டியைக் கட்டிக்கொண்டு போனனான்."

"கரண்ட் அடிக்கேல்லையோ அன்ரி?"

"சுள்ளெண்டு அடிச்சது. அந்தோனியார் கேக்கிறார் எண்டு நினைச்சன்."

"சார்ஜ் போடுறன் எண்டெல்லே என்னட்டைக் கழட்டினவள்," என்றார் பெரியப்பா. "விசர் மனிசி!"

கஜந்தினிக்குச் சிரிப்பு வந்தது, உடனே அடங்கியது. "நான் திருத்தி எழுதுறன் மாமா. ஆனா கரவெட்டியிலை ஒரு அம்மாவுக்கு இண்டைக்கு வாறம் எண்டு சொல்லியாச்சு. அவ அஞ்சு மாசமாப் பாத்துக்கொண்டிருக்கிறா. இனி உங்கடை முறை வர..."

எத்தனை மாதம் என்று அவர் சொல்லவில்லை. கணக்கை அனுப்பியவள் நான்.

பெரியப்பாதான் பட்டியை எடுத்து நீட்டினார். "கொண்டுபோய்க் குடு பிள்ளை."

அடுத்த செவ்வாய் நான் எங்கும் போகவில்லை. பெரியம்மா முக்காடு போட்டபடி வாசலில் நின்றார்.

"பட்டி இல்லாமல் போனா அந்தோனியாருக்கு விளங்குமோ, பிள்ளை?"

கதிரையில் இருந்த பெரியப்பா, வலக்காலால் தன் இடக்கால் செருப்பைத் தள்ளிவிட்டார்.

"இதைப் போட்டுக்கொண்டு போ. கரண்ட் அடியாது."

செருப்பு பெரியம்மாவுக்குப் பெரிது. வீட்டு ஒழுங்கை தெருவில் முடியும்வரை, அந்த ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார்.