வலப்பக்கம் ஒதுங்கியவர்

என் வீட்டுக்காரர் தோணியில் தண்டலாக, அதாவது கேப்டனாக இருந்தவர். தூத்துக்குடியில் சரக்கேற்றி மாலத்தீவுக்குப் போகும் தோணியில் அவர் சொன்னதுதான் சட்டம். போன வருஷம், இனிக் கரையிலேயே இருந்துவிடுகிறேன் என்று அவராகவே சொன்னார். மீன் ஏற்றி வெளியூர்ச் சந்தைகளுக்குக் கொண்டுபோக ஒரு குட்டியானை வண்டி பேசி வைத்தோம். ஓட்ட லைசென்ஸ் வேண்டும். அதற்கு முன்னால் எல்.எல்.ஆர். வேண்டும்.

அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கரையில் மனம் கசந்தால் பீரோவைத் திறந்து தன் சீமேன் புத்தகத்தைப் பையில் வைப்பார். அது இல்லாமல் தோணியில் ஏற்ற மாட்டார்கள். அந்தப் புத்தகம் பைக்குள் போனால் மனுஷன் கடலுக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். "இனிக் கரைதான்" என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை அப்படிப் போயிருக்கிறார்.

எனக்கும் ஸ்கூட்டி ஓட்ட ஆசை. இருவரும் சேர்ந்தே விண்ணப்பித்தோம். கேள்விப் புத்தகத்தை நான் அடுப்படியில் வைத்துப் படித்தேன். அவர் தொடவேயில்லை.

"நடுக்கடல்ல ஏழு பேரு உசுரு என் கையில இருந்திருக்கு. இதுக்குப் போயி என்னளா படிப்பு?" என்றார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதினோம். நான் பாஸ். அவர் ஃபெயில்.

வெளியே வந்ததும், என்னதான் எழுதினீர்கள் என்று கேட்டேன். எதிரே வண்டி வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். சிவப்பு விளக்கைப் பார்த்தாலும் வலப்பக்கம் ஒதுங்கி வழிவிட வேண்டுமாம். கடலில் அப்படித்தான். எதிரெதிரே வரும் இரண்டு கப்பலும் வலப்பக்கம் திரும்பிக் கடந்து போகும். குறுக்கே வரும் கப்பலின் சிவப்பு விளக்கு தெரிந்தால் நாம்தான் வலப்பக்கம் ஒதுங்கி வழிவிட வேண்டும். இத்தனை வருஷம் அவரையும் அந்த ஏழு பேரையும் காப்பாற்றிய விடைகள்தான் அவை.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஓடமும் ஒரு நாள் வண்டியில ஏறும்பாங்க. ஒங்க ஓடம் ஏறுன அன்னைக்கே லாரியில முட்டியிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் எனக்கு அந்தச் சீமேன் புத்தகம் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து அவர் முகம் கழுவப் போன நேரத்தில், சீமேன் புத்தகத்தை அதன் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி என் கல்யாணப் பட்டுக்கு அடியில் ஒளித்தேன். உறை வெறுமையாகத் தெரியக் கூடாதென்று அதற்குள் கேஸ் சிலிண்டர் புத்தகத்தைச் செருகினேன். பிறகு இரண்டு நாள் பீரோக் கதவு கிறீச்சிட்டாலே அடுப்படி வேலையை விட்டுவிட்டுக் காது கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். போயிற்று என்று நினைத்தேன்.

"ஏளா, அந்தக் கேள்விப் புத்தகத்த எடு. மொதல்ல இருந்து சொல்லிக்குடு."

அவருடைய புயல் கதைகளை ஊரே வாய் பிளந்து கேட்கும். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வந்தது அந்தக் கதைகளால் அல்ல, அந்த ஒரு வார்த்தையால்தான்.

தினமும் எங்கள் முத்தையாபுரத்தில் ஹார்பர் லாரிகள் போகும் ரோட்டோரம் நடந்தோம். எதிரே லாரி வரும்போதெல்லாம், "எந்தப் பக்கம்?" என்று கேட்பேன். வலது கை தானாக எழும். அதை இடது கையால் ஓர் அடி அடித்துவிட்டு, "இடப்பக்கம்" என்பார். நான் திட்டினால் வாங்கிக்கொண்டார். நான் சிரித்தால் அவரும் சிரித்தார். அத்தனை பேரை அதட்டிய மனுஷன் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

மறுபடி பரீட்சைக்குப் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வலது கையைத் தொடைக்கு அடியில் அமுக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் மவுஸைப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தார். பாஸ்.

வீட்டுக்கு வந்ததும் எல்.எல்.ஆர். தாளை நான்காக மடித்தார். பீரோவைத் திறந்து அந்த உறையை எடுத்தார். அவர் நிதானமாகக் கேஸ் புத்தகத்தை உருவி என்னிடம் நீட்டிவிட்டு, அந்த இடத்தில் தாளை வைத்தார்.

"எப்பப் பாத்தீங்க?" என்றேன்.

"ஃபெயிலான அன்னைக்கே பாத்துட்டேன். சீமேன் புத்தகம் நீ வச்ச எடத்துலயே கெடக்கட்டும்ளா."